ஓடாதே ஆக்டோபஸ்

"ஐயோ! அங்க இல்ல முதலாளி! இடது! இடது பக்கம்! போச்சு… அதுவும் போச்சு!"

கத்தியவள் குரோயிவா மிவாகோ. போனது ஓர் ஆக்டோபஸ். தொடுதிரையில் புகைந்துகொண்டிருந்த தட்டின் குழியிலிருந்து அது தலையை நீட்டியது. கக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை இடுக்கிக்கொண்டது. திரையின் ஓரம்வரை நடந்து போய்த் திரும்பி நின்று, இத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்கு ரொம்ப நன்றி என்கிற மாதிரி இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டு இறங்கிப் போய்விட்டது. 'ஆட்டம் முடிந்தது' என்று எழுத்துகள் குதித்தன.

முதலாளி இசோபே கான்சாபுரோ கையிலிருந்த தொடுதிரைக் குச்சியை மேஜைமேல் வைத்தார். வைத்த சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டது.

"ஏம்மா குரோயிவா, ஞாயித்துக்கிழமையானா என் வீட்டுல தகோயாக்கி புரட்டுறது யாரு தெரியுமா?"

"நீங்கதான் முதலாளி."

"மருமகன் தட்டுகிட்ட வந்தாக்கூட குச்சியாலயே குத்துவேன். அப்படிப்பட்ட கை இது. இந்தக் கையை உன் பொம்மை ஆக்டோபஸ் ஏமாத்திட்டுப் போகுதுன்னா, தப்பு கையிலயா, ஆட்டத்துலயா?"

"ஆட்டத்துலதான் முதலாளி" என்றாள் மிவாகோ.

ஒசாகாவில் பொம்மைக் கடைகள் வரிசையாக நிற்கும் மத்சுயாமாச்சித் தெருவில் இசோபே கம்பெனிக்கு ஒரு சட்டம் உண்டு. முதலாளி தன் கையால் ஆடி ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். ஜெயிக்காத எதுவும் கம்பெனி வாசலைத் தாண்டாது. பம்பரம் செய்த காலத்திலும் இதுதான் சட்டம், இப்போது கைக்குள் அடங்குகிற இரட்டைத்திரைக் கருவிக்கு ஆட்டம் செய்கிற காலத்திலும் இதுதான் சட்டம். தோற்ற ஆட்டம் அலமாரிக்குள் போகும். அதைக் கற்பனை செய்தவர் சக்காய் ஊர்க் கிடங்கிலுள்ள சோப்புக் குமிழிப் பிரிவுக்குப் போவார். அங்கே காலையிலிருந்து சாயங்காலம்வரை குமிழி ஊதி, ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டும். போன வருஷம் போன இரண்டு பேரும் இப்போது பேசும்போதுகூட உதட்டைக் குவித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள் என்று கேள்வி.

மிவாகோவின் ஆட்டத்துக்குப் பெயர் 'ஓடாதே ஆக்டோபஸ்'. பணியாரச் சட்டி மாதிரி குழி குழியான தட்டில் ஆக்டோபஸ் துண்டை உள்ளே வைத்த தகோயாக்கி மாவு உருண்டைகள் வேகும். வெந்ததைக் குச்சியால் சுண்டிப் புரட்ட வேண்டும். ஒரே சாஸ் பூசிய உருண்டைகள் மூன்று சேர்ந்தால் பரிமாறப்பட்டுவிடும். தாமதமானால் உள்ளேயிருக்கும் ஆக்டோபஸுக்கு ரோஷம் வந்து பெட்டியைத் தூக்கிவிடும். போகப் போக வேகம் ஏறும், தட்டு புகையும், கருவியின் மைக்கில் ஊதிப் புகையைக் கலைக்க வேண்டும். அந்தப் பெட்டியும் வணக்கமும் அவளுக்குக் குளிக்கும்போது தோன்றியவை. ஆட்டத்தின்மேல் அவளுக்குப் பெற்ற பிள்ளைமேல் இருக்கிற பாசம். யார் ஆடினாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

"வெள்ளிக்கிழமைவரைக்கும் நேரம்" என்றார் முதலாளி. "தோக்கியோலேர்ந்து சரக்கு பாக்க குசகாபே வர்றார். அவருக்குக் காட்ட ஏதாவது வேணும். இது ஆகலைன்னா அவருக்குக் குமிழி காட்டுவேன். நீயே ஊதிக் காட்டு."

மிவாகோ படி இறங்கி ஓடினாள். கீழ்த் தளத்து மூலையில் நுகாதா இருந்தார். ஆட்டத்துக்குக் கணினியில் உயிர் கொடுப்பவர். ஐம்பதை நெருங்கும் ஆள். பேச்சை மருந்துச் சொட்டு மாதிரி அளந்துதான் விடுவார். முதலாளி ஆடும்போதெல்லாம் அறையின் பின்னால் நின்று குளிர்ந்த பார்லித் தேநீர் குடித்துக்கொண்டே பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிடுவார்.

"வேகத்தைக் குறைங்க நுகாதா சான். பாதியாக்குங்க."

"வேகத்துல குறையில்ல."

"முதலாளி தோத்துட்டாரே!"

நுகாதா ஒரு வாய் தேநீர் குடித்தார். பிறகு குறைத்தார்.

மறுநாள் காலையில் முதலாளி ஆடினார். உருண்டைகள் ஆற அமர வெந்தன. மிவாகோ அவர் முழங்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப இல்ல முதலாளி… இன்னும் வேகல… இருங்க, இருங்க… இப்ப! இல்ல, அது இல்ல, அதுக்குப் பக்கத்துல! ஐயையோ, அதை ஏன் தொட்டீங்க?"

ஆக்டோபஸ் பெட்டியோடு கிளம்பியது. மெதுவான ஆட்டம் என்பதால் அது நடந்து போனதும் மெதுவாகவே இருந்தது. வணக்கம் முடிய வெகு நேரமாயிற்று. முதலாளி அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"எனக்கு உடம்பு சரியில்லையா குரோயிவா?"

"இல்லையே முதலாளி!"

"அப்புறம் ஏன் கஞ்சி ஊத்துற?"

அன்று மத்தியானமே உருண்டைகளைப் பெரிதாக்கச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தவறாது என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. உருண்டை பெரிதாகவே தட்டில் நான்குக்கு மேல் பிடிக்கவில்லை. நான்கில் மூன்றைச் சேர்ப்பது எப்படி என்று அவளுக்கே புரியவில்லை. புரியாததால் இன்னும் அதிகமாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"மேல! மேல முதலாளி! இல்ல, கீழ! ரெண்டும் இல்ல, ஊதுங்க! ஊதுங்க! ஐயோ, ரொம்ப ஊதிட்டீங்க!"

ஆக்டோபஸ் குடும்பத்தோடு கிளம்பிவிட்டது. பெரிய ஆக்டோபஸ் என்பதால் பெட்டியும் பெரிதாக இருந்தது.

முதலாளி கருவியை மூடினார். "தகோயாக்கி கேட்டேன், பூசணிக்காயைப் போட்டுட்ட. நாளைக்கு இன்னொரு தடவை ஆடுறேன், அதோட சரி. சக்காய்க்கு எந்த ரயில்ல ஏறணும்னு இப்பவே கேட்டு வெச்சுக்க."

அழுகை வந்தது மிவாகோவுக்கு. மாடிப்படியிலேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். கைப்பையில் கையை விட்டு ஒரு மிட்டாய் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஒசாகாப் பெண்களின் பையில் மிட்டாய் இல்லாமல் இருக்காது. ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவருக்கெல்லாம் எடுத்து நீட்டுகிறவள், அன்றைக்குத் தனக்கே கொடுத்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது. மிட்டாய் கரைவதற்குள் ஒரு கெட்ட யோசனை வந்துவிட்டது.

"நுகாதா சான், ஒரு திருட்டு வேலை செய்யணும்."

அவர் நாற்காலியைத் திருப்பினார்.

"முதலாளி எங்க தொட்டாலும் சரியான இடத்துல தொட்ட மாதிரி ஆயிடணும். தெரியாம ஒரு கை கொடுக்கணும். மெஷின் உள்ளேர்ந்தே. முடியுமா?"

நுகாதா அவளை ஏற இறங்கப் பார்த்தார். தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"முடியும். ஆனா வேகம் பழையபடி. உருண்டையும் பழையபடி."

"இருக்கட்டும், இருக்கட்டும்!"

"இன்னொண்ணு. மைக் இருக்குல்ல."

"ஆமா."

"ஒரு கை தூரத்துக்குள்ள பேச்சுச் சத்தம் கேட்டா உதவி நின்னுடும்."

"ஏன்?"

"சின்ன மெஷின். காதும் கையும் ஒண்ணா வேலை செய்ய உள்ள இடம் பத்தாது."

மிவாகோவுக்குக் கணினி எழுத்து ஒரு எழுத்தும் தெரியாது. தலையாட்டினாள். நுகாதா ஒரே மூச்சில் இத்தனை வாக்கியம் பேசி அவள் பார்த்ததேயில்லை, அதனாலேயே அது முழு உண்மை என்று நம்பினாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் முதலாளியின் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் நின்ற நுகாதா குனிந்து, "மிட்டாய்" என்றார். அவள் பையிலிருந்ததிலேயே பெரிய மிட்டாயை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டாள். ஆட்டம் தொடங்கியது. பழைய வேகம். உருண்டைகள் சடசடவென்று வெந்தன. மிவாகோவுக்குத் தொண்டைவரை 'இடது' வந்தது. மிட்டாயோடு சேர்த்து விழுங்கினாள். 'ஐயோ' வந்தது, அதையும் விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

முதலாளியின் கை சுண்டிக்கொண்டே போனது. ஒரு ஆக்டோபஸ் தலையை நீட்டியது. அது பெட்டியைத் தேடுவதற்குள் அவர் புரட்டிவிட்டார். புகை வந்தது, ஊதினார். மூன்று, மூன்று, மறுபடி மூன்று. தட்டு காலியாயிற்று. ஆக்டோபஸ்கள் எல்லாம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடின.

"ஜெயிச்சுட்டேன்!" என்று முதலாளி எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கினார். "பாத்தீங்களாடா! என் கை! என் கை!"

அலுவலகமே கைதட்டியது. மிவாகோவும் தட்டினாள். சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பாவம், இந்த மனிதர் மெஷினிடம் வாங்கிய வெற்றிக்கு இப்படிக் குதிக்கிறாரே என்று மனசுக்குள் குத்தியது. அலமாரிக்குப் போவதைவிட இது தேவலை என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சமாதானம் அன்று மத்தியானம்வரைகூட நிற்கவில்லை. முதலாளி தோக்கியோவுக்குப் போன் போட்டார். கிழக்குப் பக்கம் முழுக்கக் கிளைகள் உள்ள ஒரு பொம்மைக் கடைக்குச் சரக்கு தேர்ந்தெடுப்பவர் குசகாபே. புதிர் ஆட்டத்தில் அவரை இதுவரை யாரும் ஜெயித்ததில்லை என்று பெயர்.

போனை வைத்துவிட்டு முதலாளி அறிவித்தார். "ஒசாகாச் சரக்குன்னா சும்மா சிரிப்புக்குத்தானேங்கறார் அந்த ஆள். சிரிப்பா? வாங்க, நேருக்கு நேர் ஆடலாம்னுட்டேன். நான் ஜெயிச்சா எல்லாக் கடையிலயும் முன்வரிசையில வைக்கணும். நான் தோத்தா நானே இதை அலமாரியில போட்டுப் பூட்டிடறேன்."

மிவாகோ நுகாதாவிடம் ஓடினாள்.

"மோசம் போனோம்! எந்த மெஷின்ல உதவி இருக்கு? மாறிடக் கூடாதே!"

நுகாதா மேஜைமேலிருந்த இரண்டு கருவிகளையும் பார்த்தார். ஒன்றை விரலால் தள்ளினார். "இது."

அவள் அதன் முதுகில் ஒரு சிவப்பு ஆக்டோபஸ் ஒட்டுப்படத்தை ஒட்டினாள். இனி மாறவே மாறாது என்று ஒட்டுப்படத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

வெள்ளிக்கிழமை குசகாபே வந்தார். சாம்பல் நிற உடுப்பு, சுருக்கமே விழாத கால்சட்டை, மெல்லிய குரல். மேல்தளத்து விருந்தினர் அறையில் பூச்சாடி இருக்கும் பக்கம் அவரை உட்காரவைத்தார்கள். தேநீர் வந்தது. தாழ்ந்த மேஜைக்கு இந்தப் பக்கம் முதலாளி, அவர் அருகில் மிவாகோ. வாசலோரம் நுகாதா. மிவாகோ தட்டில் இரண்டு கருவிகளையும் வைத்து, ஒட்டுப்படம் ஒட்டியதை முதலாளியின் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பெரிய மிட்டாய் ஏற்கனவே வாயில் இருந்தது.

முதலாளி ஒட்டுப்படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அடடே, இது நல்லா அலங்காரமா இருக்கே. நல்லது விருந்தாளிக்குத்தான் போகணும்" என்று இரண்டு கைகளாலும் எடுத்து நீட்டினார்.

மிவாகோவுக்கு மூச்சு நின்றது.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்" என்று குசகாபே குனிந்தார். "முதலாளிக்குன்னு ஒட்டினதா இருக்கும். நீங்களே வெச்சுக்கங்க."

கருவி திரும்பி வந்தது. மிவாகோ மூச்சு விட்டாள்.

"அது எப்படிங்க? தோக்கியோலேர்ந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க." கருவி போனது.

"எனக்குப் போய் எதுக்குங்க? நான் சாதாரண ஆள்." கருவி வந்தது.

மிவாகோவின் தலை அதோடு போய்ப் போய் வந்தது. இரண்டு தடவை மறுத்துவிட்டார், மூன்றாம் தடவை மறுப்பது மரியாதையில்லை என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். முதலாளி மூன்றாம் தடவை நீட்டினார். "அப்படின்னா உங்க அன்புக்காக" என்று குசகாபே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டுவிட்டார்.

ஒட்டுப்படம் ஒட்டிய கை உடைந்து போக என்று மிவாகோ தன்னைத்தானே சபித்துக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கியது. குசகாபேயின் குச்சி தட்டின்மேல் பறந்தது. ஒரு உருண்டைகூடக் கருகவில்லை. இருக்காதா பின்னே, எங்கே தொட்டாலும் சரியாகத்தான் போகும் அவருக்கு! இந்தப் பக்கம் முதலாளி நாக்கைக் கடித்துக்கொண்டு சுண்டிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் ஆடினார். ஆனாலும் உதவியில்லாத ஏழை. இரண்டு பேரின் திரையையும் மாறி மாறிப் பார்த்த மிவாகோவுக்குத் தூரத்தில் சோப்புக் குமிழிகள் மிதப்பது தெரிந்தது.

அப்போதுதான் அவள் மூளையில் பொறி தட்டியது. சத்தம் கேட்டால் உதவி நின்றுவிடும். ஒரு கை தூரத்துக்குள்.

மிட்டாயைக் கடக்கென்று கடித்து நொறுக்கினாள். முதலாளி திரும்பிப் பார்க்கவில்லை. மண்டியிட்டபடியே மேஜையைச் சுற்றி நகர்ந்து குசகாபேயின் முழங்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அங்க இல்லீங்க! இடது! இடது பக்கம்!"

குசகாபேயின் குச்சி ஒரு கணம் நின்றது. "நன்றி" என்று முணுமுணுத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"ஐயையோ, அது இன்னும் வேகலீங்களே! பக்கத்துல இருக்கிறது! சாஸ் பூசினது! அது இல்லீங்க, அந்தச் சாஸ் இல்ல!"

"கொஞ்சம்… மன்னிக்கணும்…"

"நீங்க ஆடுங்க, நான் ஒண்ணும் பேசல! மேல! மேல பாருங்க, புகையுது! ஊதுங்க! அட, ரொம்ப ஊதிட்டீங்களே! போச்சு! பெட்டியை எடுத்துட்டான்!"

குசகாபேயின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அழைத்த வீட்டுப் பெண்மணி அக்கறையோடு வழி சொல்லும்போது 'வாயை மூடு' என்று சொல்ல அவருடைய வளர்ப்பு இடம் தரவில்லை. முதல் ஆக்டோபஸ் குனிந்து வணங்கி இறங்கியது. அதற்குப் பின்னால் ஒன்று. அதற்கும் பின்னால் ஒரு வரிசையே பெட்டியும் கையுமாகக் கிளம்பிவிட்டது. நின்றுவிட்டது உதவி, நின்றேவிட்டது என்று மிவாகோவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சிலிர்த்த வேகத்தில் இன்னும் உரக்கக் கத்தினாள்.

எதிர்ப்பக்கம் ஒரே அமைதி. முதலாளியின் குச்சி கடைசி உருண்டையைச் சுண்டியது. அவருடைய ஆக்டோபஸ்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடத் தொடங்கின.

"ஜெயிச்சாச்சு!" என்று முதலாளி மேஜையில் தட்டியதில் தேநீர்க் கோப்பைகள் எகிறின.

குசகாபே கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டார். கருவியையே கொஞ்ச நேரம் பார்த்தார். மிவாகோ பயந்து போனாள். அந்த மெல்லிய குரல் ஆள் திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார்.

"எனக்கு ஒரு ஆட்டம் இப்படி வேர்த்துக் கொட்ட வெச்சதே இல்லீங்க! முன்வரிசை என்ன, வாசல்லயே வைக்கிறேன். இன்னொரு தடவை ஆடலாமா?"

இன்னொரு தடவை, அதற்குமேல் இன்னொரு தடவை. மிவாகோவைத் தெருமுனைக்குத் தகோயாக்கி வாங்க அனுப்பிவிட்டு இருவரும் ஆடினார்கள். அவள் பொட்டலத்தோடு திரும்பியபோது இரண்டு பேரும் மேல்சட்டையைக் கழற்றி வீசியிருந்தார்கள். குசகாபே பிடிக்க வேண்டிய புல்லட் ரயில் தோக்கியோவுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். "அடுத்த ரயில் இருக்கு" என்று சொல்லியபடியே அவர் ஒரு சூடான உருண்டையை வாயில் போட்டு, வாயைத் திறந்து ஆவி விட்டுக்கொண்டு குச்சியை எடுத்தார்.

அவரை வழியனுப்பிவிட்டு முதலாளி மிவாகோவிடம் வந்தார்.

"கவனிச்சேன் குரோயிவா. சொந்த முதலாளிக்கு ஒரு வார்த்தை சொல்லல. விருந்தாளிக்குப் பக்கத்துல போய் உக்காந்து வழியெல்லாம் சொல்லிக் கொடுத்த. அதுதான்மா உபசாரம்! அடுத்த ஆட்டத்தையும் நீயே யோசி. சக்காய்க்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

மிவாகோ பறக்காத குறையாகப் படி இறங்கினாள். ஜெயித்துவிட்டாள்! அவளுடைய ஆக்டோபஸ் கடல் தாண்டாவிட்டாலும் தோக்கியோவைத் தாண்டப்போகிறது! நாடு முழுக்கப் பிள்ளைகளும் பெரியவர்களும் ரயிலில் உட்கார்ந்து தட்டை ஊதப்போகிறார்கள்! நுகாதாவின் மேஜையில் பையிலிருந்த மிட்டாய் முழுவதையும் கவிழ்த்துக் கொட்டினாள். அதன்மேல் ஒட்டுப்படம் ஒட்டிய கருவியை வைத்தாள்.

"என் தெய்வமே, எல்லாத்தையும் எடுத்துக்கங்க! ஆலைக்கு அனுப்பறதுக்குள்ள அந்த உதவியை மட்டும் மறக்காம எடுத்துடுங்க. உள்ள என்ன இருக்குன்னு யாருக்காவது தெரிஞ்சுதுன்னா மானமே போயிடும்."

நுகாதா ஒரு மிட்டாயைப் பிரித்தார். வாயில் போட்டுக்கொள்ளவில்லை. அவளிடம் நீட்டினார்.

"எடுக்க என்ன இருக்கு, ரெண்டுலயும் நான் ஒண்ணுமே போடலையே, நான் நிறுத்தினது உங்க வாயை மட்டுந்தான்."